தொண்ணூறு ராத்தல்

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எனக்கு இடம் கிடைத்த கடிதம் எங்கள் ரப்பர் தோட்டத்துக்கு வந்த அன்று, அம்மா அதை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு லயத்தின் இருபத்திரண்டு வீடுகளுக்கும் போய்வந்தாள். அவளுக்கு ஓர் எழுத்து வாசிக்கத் தெரியாது. ஆனால் அரசாங்க முத்திரை இருக்கும் பக்கத்தை மேலே வைத்துக் காட்டத் தெரிந்திருந்தது. பால்மரம் வெட்டுகிறவள் மகள் வாத்தியாரம்மா ஆகப்போகிறாள் என்று அவளாக ஒரு வீட்டிலும் சொல்லவில்லை. எல்லா வீட்டிலும் அடுத்தவர் வாயால் சொல்லவைத்துவிட்டுத்தான் நகர்ந்தாள். அப்பா நான் சிறுமியாக இருந்தபோதே காய்ச்சலில் போய்விட்டவர். இருந்திருந்தால் அவரும் கூடவே சுற்றியிருப்பார்.

கடிதத்தோடு ஒரு பட்டியல் வந்திருந்தது. பதினான்கு நாளைக்குள் மூன்று தாள்கள் போய்ச் சேர வேண்டும். என் சம்மதக் கடிதம், அரசாங்க டாக்டரின் உடல்நலச் சான்று, தோட்டத்துத் துரையின் நன்னடத்தைச் சான்று. ஒன்று குறைந்தாலும் இடம் வேறொருவருக்குப் போய்விடும். சம்மதக் கடிதத்தை அன்றே எழுதிவிட்டேன்.

வாரம் ஒருமுறை மருந்துப் பெட்டியோடு வரும் டிரெசர்தான் புதுச் சிக்கலைக் கொண்டுவந்தார். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "தொண்ணூறு ராத்தலாவது இருக்கணும் லா. இல்லன்னா டாக்டர் அன்ஃபிட்டுன்னு எழுதிடுவாரு. நீ ஊதுனா பறந்துடுவ போலிருக்கே பாப்பா" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பரீட்சையில் எல்லாப் பாடமும் தேறியவளை எடை பார்த்தா தள்ளுவார்கள்? அம்மா கோபப்படவில்லை. மறுநாளே என்னைப் பால் நிறுக்கும் கொட்டகைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

எங்கள் தோட்டத்தில் ஆளை நிறுக்க வேறு தராசு கிடையாது. வெட்டுக்காரர்கள் தோளில் காண்டாக் கம்பில் தொங்கவிட்டுத் தூக்கிவரும் பால் வாளிகளை அந்த மேடைத் தராசில் வைப்பார்கள். தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணியார் எடைக்குண்டை நகர்த்தி, தண்டு சமமாக நின்றதும் எண்ணைச் சொல்லி எழுதிக்கொள்வார். அந்த எண்ணுக்குத்தான் கூலி. கடைசி வாளி இறங்கியதும் நான் ஏறினேன். "எழுபத்தொம்பது" என்றார் கிராணியார்.

இன்னும் பதினொரு ராத்தல். அதுவும் மலாயாவின் அவசரகாலத்தில்! கம்பிவேலிக்குள் ஆளுக்கு இவ்வளவு என்று அளந்துதான் அரிசி வரும். ஒரு பிடி சோற்றைக்கூட வேலிக்கு வெளியே கொண்டுபோக முடியாது. காட்டில் இருக்கும் கம்யூனிஸ்ட்டுகள் கைக்குப் போய்விடுமாம். வாசலில் நிற்கும் சோதனைக்காரி மடியைத் தடவிப் பார்ப்பாள். அப்படிப்பட்ட காலத்தில் லயமே என்னைக் கொழுக்கவைக்கக் கிளம்பியது. எதிர்வீட்டு அத்தை தினம் ஒரு முட்டை அனுப்பினாள். பக்கத்துவீட்டுச் சித்தி உளுந்தங்களி கிண்டினாள். பக்கத்து ஊரான செலண்டாரில், பாய் தன் கடையில் டின் பாலை ஓட்டை போட்டுத்தான் விற்க வேண்டும். யாரும் பதுக்காமலிருக்க அப்படி ஒரு சட்டம். அம்மா அதை வாங்கி, கடை வாசலிலேயே என் வாயில் கவிழ்த்தாள்.

"தங்கச்சி, புள்ள மூச்சு விடட்டும் லா" என்றார் பாய்.

"மூச்செல்லாம் அப்புறம் விட்டுக்குவா" என்றாள் அம்மா. டின் பால் வாசனை இன்றைக்கும் எனக்கு ஆகாது.

தினமும் கடைசி வாளிக்குப் பிறகு நான். எண்பது, எண்பத்தொன்று என்று ஏறி, பத்தாம் நாள் எண்பத்து நான்கில் நின்றுவிட்டது. கெடுவுக்கு நான்கே நாள் இருந்தது. இடுப்பில் கல்லைக் கட்டிக்கொண்டு போகச் சொல்லி ஒருத்தி யோசனை சொன்னாள். "என் மக கல்லைக் கட்டிக்கிட்டு வாத்தியாரம்மா ஆக வேணாம்" என்றாள் அம்மா. என்னிடம் இருக்கும் வீம்பு எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்க வேண்டியதில்லை.

மலாக்கா ஆஸ்பத்திரியில், எல்லாரும் மிஸ்ஸி என்று கூப்பிடும் தாதி என்னைத் தராசில் நிறுத்தினாள். அம்மா கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

"தொண்ணூத்தாறு" என்றாள் மிஸ்ஸி.

அம்மா கண்ணைத் திறந்தாள். "இன்னொரு வாட்டி பாருங்க மிஸ்ஸி."

மறுபடியும் அதே தொண்ணூற்றாறு. டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, எடையையும் எழுதி, சான்றின் இரண்டு பிரதிகளில் கையெழுத்துப் போட்டார். ஒன்று தபாலுக்கு, மற்றது நான் கல்லூரியில் சேரும் நாளில் கொண்டுபோக. நான் குதிக்காத குறைதான். அம்மா மட்டும் அந்தத் தராசையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நானும் ஒரு தடவ ஏறிக்கிடவா மிஸ்ஸி?"

அம்மா நூற்று நான்கு.

பஸ்ஸில் அவள் விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தாள். எனக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. முதல் நாளே நான் தொண்ணூறு ராத்தல் இருந்திருக்கிறேன். அத்தனை முட்டையும் வீண். என்னையே எட்டில் ஒரு பங்கு குறைத்துச் சொன்ன தராசு, இத்தனை வருஷமாக அம்மாவின் வாளிகளை என்ன சொல்லியிருக்கும்?

"கேக்கணும்மா" என்றேன்.

"இன்னும் ஒரு தாளு பாக்கி இருக்கு" என்றாள் அம்மா.

துரையின் கையெழுத்தைத்தான் சொன்னாள். அந்த நாளில் தோட்டத்தில் குரலை உயர்த்தியவரைக் கம்யூனிஸ்ட் என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். அம்மா வாயைத் திறந்தால் என் நன்னடத்தை போய்விடும். அவள் திறக்கவில்லை. துரை கையெழுத்துப் போட்டார், தாள்கள் கெடுவுக்குள் போய்ச் சேர்ந்தன, சேரும் நாளும் குறித்து வந்தது. அதுவரை மூன்று வாரம், அம்மா வாளியை இறக்கி வைத்து, கிராணியார் சொன்ன எண்ணுக்கெல்லாம் "சரிங்கய்யா" என்று சொல்லிவிட்டு வந்தாள். அவள் அப்படிச் சொல்லி நான் அதற்குமுன் கேட்டதில்லை.

நான் புறப்படும் நாளில் அம்மா வேலைக்குப் போகவில்லை. பொங்கலுக்கு எடுத்த சேலையைக் கட்டிக்கொண்டு, "வா, கொட்டகையில சொல்லிட்டுப் போவோம்" என்றாள். நிறுவை நடந்துகொண்டிருந்தது.

"வாத்தியாரம்மா கெளம்பியாச்சா?" என்று கிராணியார் சிரித்தார்.

அம்மா தராசில் ஏறி நின்றாள். "நிறுங்கய்யா."

அவர் விளையாட்டு என்று நினைத்துக் குண்டை நகர்த்தினார். "தொண்ணூத்தியொண்ணு."

"ஆஸ்பத்திரியில நான் நூத்தி நாலு. மிச்சத்த உங்க தராசு எங்க வச்சிருக்கு?"

கிராணியார் முகம் மாறியது. "யாரு சொன்னா நூத்தி நாலுன்னு? தாளு இருக்கா?"

அம்மாவிடம் தாள் இல்லை. என்னிடம் இருந்தது.

பெட்டியைக் கீழே வைத்து, டாக்டரின் சான்றை எடுத்து அவர் மேசையில் விரித்தேன். அம்மா இறங்கிய தராசில் ஏறி, குண்டை நானே நகர்த்தினேன். தண்டு நின்றது. அவர் எடைப் புத்தகத்தை மூடினார். நானே உரக்க வாசித்தேன்: "எண்பத்து நாலு." பிறகு தாளில் இருந்ததையும் வாசித்தேன்.

பின்னால் வாளிகளைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது. எதிர்வீட்டு அத்தை முதலில் வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் மற்றப் பெண்களும் வெறுங்கையோடு வரிசையில் நின்றார்கள். பரீட்சை முடிவு வந்த நாளில்கூட நான் அவ்வளவு பெருமைப்பட்டதில்லை.

"தாள மடிச்சு வை, கசங்கிடும்" என்றாள் அம்மா. "பஸ் வந்துடும், நீ போ. இனி நாங்க பாத்துக்குறோம்."

அடுத்த மாதம் கல்லூரி விடுதிக்கு அவள் சொல்லி யாரோ எழுதிய கடிதம் வந்தது. நலம் விசாரிப்பு ஒன்றும் இல்லை. இரண்டே வரி.

"புதுத் தராசு வந்துருச்சு. நான் நூத்தி நாலு."