காதில் பஞ்சு அடைத்திருந்தவர்

எழுபதுகளில் மெல்பேர்னில் நான் வாடகைக்கு இருந்த வீட்டின் முன்னறையில் ஒரு யாழ்ப்பாணத்து எஞ்சினியர் இருந்தார். ஒல்லியான, நெடிய மனிதர். வெயிலிலும் கழுத்தில் சிவப்புக் கம்பளி மப்ளர். இங்கிலாந்தில் அவர் படித்த நகரத்தில் இரண்டு கால்பந்துக் கழகங்கள் உண்டு. ஒன்று சிவப்பு, மற்றது நீலம். அவர் சிவப்பு. இரண்டும் மோதிய பழைய ஆட்டங்களை, தலைமுறையாக இழுபடும் காணி வழக்கைப்போல விவரிப்பார்.

ஆட்டம் இங்கே தொலைக்காட்சியில் வர ஒரு வாரமாகும். அதுவரை முடிவு தெரியக்கூடாதென்று காதில் பஞ்சு அடைத்துக்கொண்டுதான் வேலைக்குப் போவார். வீட்டுக்குள் பத்திரிகை வரக்கூடாது.

ஒருமுறை, திங்கட்கிழமை ரயிலில் யாரோ விரித்திருந்த பத்திரிகையில் முடிவைப் பார்த்துவிட்டேன். சிவப்பு தோற்றிருந்தது. வாரம் முழுவதும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

ஞாயிறு பின்னேரம் ஆட்டம் ஒளிபரப்பானது. முடிய இன்னும் சில நிமிடங்கள். இரு பக்கமும் சமம். கதிரையின் கைப்பிடியை இறுகப் பிடித்திருந்தவர் திரும்பாமலே கேட்டார்.

“தம்பி, உமக்கு முடிவு தெரியுமோ?”

“இல்லையண்ணை.”

“பொய் சொல்லாதேயும். திங்கட்கிழமை தொடக்கம் நான் கேளாமலே தேத்தண்ணி போட்டுத் தாறீர். அண்டைக்கே விளங்கிட்டுது, தோத்திட்டம் எண்டு.”

எனக்கு முகம் சுட்டது. அதற்குள் சிவப்பு அணிக்காரன் ஒருவன் பந்தோடு கோலை நோக்கி ஓடினான். அவர் கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்து தொண்டை கிழியக் கத்தினார்.

“அடியடா! இப்ப அடி!”