மூன்றாவது குவியல்

வட்டக்கோட்டையைத் தாண்டிக் கடற்கரை மணலில் எங்கள் மூன்று கூடாரங்கள். வேறுவேறு ஊர்களிலிருந்து தனியாகக் கிளம்பி வந்து, கடலோரமாகவே சேர்ந்து நடக்கும் பெண்கள் நாங்கள். விடிந்ததும் கரையில் நின்று கரமடி வலை இழுக்க ஆட்கள் வருகிறார்கள். வலைக்காரர் கூடாரங்களைப் பார்த்து நிற்கிறார்.

“கூட ஆம்பிளை ஆரும் இல்லியா மக்கா?”

“இல்லை அண்ணாச்சி.”

“பொம்பளப் பிள்ளைய இப்பிடித் தனியா கெடக்கப்பிடாது, கேட்டியா.”

நாங்களும் போய் வலைக் கயிற்றைப் பிடிக்கிறோம். யார் கை வைத்து இழுத்தாலும் மீனில் பங்கு உண்டு என்பது இந்தக் கரையின் வழக்கம். வலை கரையேறுவதற்குள் உள்ளங்கை உரிந்துவிடுகிறது.

சாளை மீன் துள்ளுகிறது. இழுத்த ஒவ்வொருவருக்கும் வலைக்காரர் ஒரு குவியல் வைக்கிறார். எங்கள் மூவருக்கும் சேர்த்து ஒன்றுதான்.

“மூணு பங்கு வரணும் அண்ணாச்சி.”

“ஒரே சட்டியிலதானே வைப்பிய?”

“சட்டி ஒண்ணுதான். இழுத்த கை மூணு பேரோடது.”

மூவரும் உள்ளங்கையை விரித்துக் காட்டுகிறோம். அவர் முனகிக்கொண்டே இன்னும் இரண்டு குவியல் வைக்கிறார். மூன்றாவது சின்னதாக இருக்கிறது. அது சரியாகும்வரை நான் இந்த மணலை விட்டு நகர்வதாக இல்லை.