கன்னியம்மா கொடுத்த பாதிக் கதை

தொகுப்புக்குக் கதை அனுப்புவதும் பெண் பார்த்துவிட்டு வந்து பதிலுக்குக் காத்திருப்பதும் ஒன்றுதான். போனை எடுத்து எடுத்துப் பார்த்துக் கை ஓய்ந்துபோன என் சக கதாசிரியர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பகலில் எனக்குக் கதிர்காமத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. எழுதுவது மிச்ச நேரத்தில். ஒரு புத்தகத்திலாவது பேர் வந்துவிடாதா என்று ஏங்கிக்கொண்டிருந்தபோதுதான், புதுச்சேரிக்காரர்கள் எழுதும் தொன்மக் கதைகளைத் தொகுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன்.

கல்

முதலில் சாபத்தால் கல்லாகிப்போன ஒரு பெண்ணின் கதையை அனுப்பினேன். கல்லே பேசுவதுபோல எழுதியிருந்தேன். உலகத்தில் யாருக்கும் தோன்றாத யோசனை என்று வீட்டில் பீற்றிக்கொண்டேன். மறுநாளே தொகுப்பாசிரியர் ரேவதி மேடம் போன் செய்தார்.

"கல்லு ஏற்கெனவே நிறைய வந்து குவிஞ்சிருக்கு சார், வீடே கட்டலாம். வேற எதாவது இருக்கா?"

டீக்கடை

என்னோடு வேலை செய்யும் கன்னியப்பன், இருளர் பழங்குடியைச் சேர்ந்தவர். ஒருநாள் டீ குடிக்கும்போது, அவர்கள் கும்பிடும் கன்னியம்மா கோபித்துக்கொண்டு கடலுக்குள் போன கதையைச் சொன்னார். அவர்கள் குடும்பத்து முன்னோர் ஒருவர் கரையில் நின்று கூப்பிட்டாராம். அதற்கு அவள் சொன்ன பதிலையும் சொன்னார். எனக்கு டீ ஆறிப்போனதே தெரியவில்லை. அன்றைக்கே எழுதி அனுப்பிவிட்டேன்.

மேடத்துக்குக் கதை ரொம்பப் பிடித்துவிட்டது. ஆனால் அது யார் வீட்டுக் கதை, அவர்களைக் கேட்டீர்களா என்றார். வெள்ளிக்கிழமைக்குள் சம்மதம் வந்தால்தான் புத்தகத்தில் இடமாம். டீக்கடையில் காதில் விழுந்ததுதானே மேடம் என்று இழுத்தேன்.

"டீக்கடையில யாராவது செருப்பைக் கழட்டி விட்டிருந்தா, மாட்டிக்கிட்டு வந்துடுவீங்களா?"

பட்டுப்புடவை

கன்னியப்பனிடம் கதையைக் காட்டினேன். எங்க பெரியம்மாவைத்தான் கேட்கணும் என்று சொல்லிவிட்டுப் படிக்க ஆரம்பித்தார். சாமி என்றால் இருக்கட்டுமே என்று நான் பட்டுப்புடவை, வைர மூக்குத்தி, கிரீடம் எல்லாம் போட்டுவிட்டிருந்தேன். படித்து முடித்து என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எங்க கன்னியம்மாவ எந்த நகைக்கடைக்கு சார் கூட்டிட்டுப் போனீங்க?"

பொட்டலம்

வியாழக்கிழமை தவளக்குப்பம் தாண்டி அவர் பெரியம்மா வீட்டுக்குப் போனோம். சம்மதம் சொல்ல வேண்டியது பெரியம்மா இல்லையாம், கன்னியம்மாவாம். பெரியம்மா வெள்ளைப் பூவை ஒரு இலையிலும் சிவப்புப் பூவை ஒரு இலையிலும் மடித்து சாமி முன்னால் வைத்தார். வெள்ளை வந்தால் சரி. கேட்கிறவன் நான் என்பதால் எடுக்க வேண்டியவனும் நானே. எதில் எது இருக்கிறது என்ற ஆர்வம் தாங்காமல், ஒரு பொட்டலத்தை விரலால் லேசாக அழுத்திப் பார்த்தேன்.

"கத்திரிக்காயா வாங்குற தம்பி, அமுக்கிப் பாக்குறதுக்கு?"

மறுபடியும்

சிவப்பு வந்தது. எனக்கு அழுகையே வந்துவிடும்போல இருந்தது. மறுநாள் வெள்ளிக்கிழமை. பெரியம்மா பதறவில்லை. எதை எதையெல்லாம் எழுதியிருக்கிறேன் என்று விசாரித்தார். அப்புறம் கண்ணை மூடி, நீ கடலுக்குள் போகும் வரைக்கும் உள்ள கதையை மட்டும் தருவாயா என்று கன்னியம்மாவிடம் கேட்டுவிட்டு, புதிதாகப் பூவை மடித்து வைத்தார். இந்த முறை நான் அழுத்தவில்லை. வெள்ளை வந்தது.

"போனத எழுதிக்கோ தம்பி. அவ பேசுனது எங்களுக்கு."

விழா

நகைகளைக் கழற்றினேன். கடைசியில் அவள் சொன்ன பதிலை வெட்டினேன். கதையின் உயிரே அதுதான் என்று நினைத்திருந்ததால் வெட்டும்போது வலித்தது. புத்தகம் வந்தது. என் பேருக்கு மேலே 'கன்னியப்பன் குடும்பத்தார் சொன்னது' என்று போட்டிருந்தார்கள். வெளியீட்டு விழாவில் பேசிய பேராசிரியர் கதையின் முடிவை வானளாவப் புகழ்ந்தார். சொல்லாமல் விட்டது அபாரமான உத்தியாம். அரங்கமே கைதட்டியது.

வெளியே வந்ததும் ஒருவர் என்னை மடக்கி, அவ திரும்பி வந்தாளா, என்ன சொன்னா என்று கேட்டார். எனக்குத் தெரியும். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற கன்னியப்பன் முந்திக்கொண்டார்.

"மாசிமகத்துக்கு நாங்க அவளக் கும்பிடுற கடற்கரைக்கு வாங்க சார், அவகிட்டயே கேட்டுக்குங்க."

ஆக, இத்தனை வருஷம் எழுதி எழுதித் தேய்ந்த எனக்குக் கைதட்டல் வாங்கிக் கொடுத்தது, எழுதாமல் விட்ட ஒரே ஒரு வரிதான்.