தட்டிக்கொண்டே நடந்தவள்

ஐம்பதுகளில் தேன்கனிக்கோட்டைக்கு அப்பால் இருந்த மலையூர்களுக்கு நடந்துதான் போகவேண்டும். அதில் ஓர் ஊரில் என் மனைவி பள்ளிக்கூட ஆசிரியை. ஒன்றரை வயது மகனைத் தோளில் போட்டுக்கொண்டு அவளிடம் போய்க்கொண்டிருந்தேன்.

வழியில் சேர்ந்துகொண்டவள் சந்தையிலிருந்து திரும்பும் பெண். ஒல்லியான உடம்பு, தலையில் ராகி மூட்டை. வளைவுக்கு வளைவு கைத்தடியால் பாறையைத் தட்டினாள்.

"நாம வர்றது ஆனைக்குத் தெரியணும் சாமி. எங்க ஊரு பாதி வழியில. அதுவரைக்கும் கூட வரேன்."

ஒரு வளைவில் தட்டும் சத்தம் நின்றுவிட்டது. எட்டிப் பார்த்தேன். பாதையை அடைத்துக்கொண்டு ஒரு யானை, அதன் காலடியில் குட்டி. அந்த நேரம் பார்த்து மகன் பசியில் சிணுங்க ஆரம்பித்தான். வாயைப் பொத்தினேன், திமிறினான்.

அவள் மூட்டையை ஓசையில்லாமல் இறக்கினாள். அவனை என் கையிலிருந்து பிடுங்கி, மாராப்பை விலக்கி மார்போடு சேர்த்துக்கொண்டாள். சிணுங்கல் அடங்கியது. அவன் பால் விழுங்கும் சத்தம் மட்டும் கேட்டது. யானை காதை விசிறிக்கொண்டு நின்றது. பிறகு குட்டியைத் தள்ளிக்கொண்டு மூங்கில் காட்டுக்குள் இறங்கியது.

யானை மறைந்ததும் கேட்டேன்.

"உன் புள்ள எங்கம்மா?"

"பொழுது போவுது, நடங்க சாமி."

குழந்தையைத் திருப்பித் தரவில்லை. மூட்டையை நான் தூக்கிக்கொண்டேன்.

அவளுடைய ஊர் வந்தது. காலித் தூளி தொங்கிய குடிசை வாசலிலிருந்து யாரோ அவளைக் கன்னடத்தில் கூப்பிட்டார்கள். அவள் திரும்பவே இல்லை. தூங்கிவிட்ட என் மகனை அணைத்தபடி, பாறைகளைத் தட்டிக்கொண்டே, என் மனைவியின் வாசல் வரைக்கும் நடந்தாள்.