துண்டுக்கு அடியில்

ஜார்ஜ் டவுனில் வெயிலுக்கு ஒதுங்கிய இடம் உள்ளாடைக் கடையாக இருக்கிறது. தைப்பவரும் விற்பவரும் கலா ஒருவரே. நான் மஞ்சள் பட்டு பிரா ஒன்றை எடுக்கிறேன். இதன் விலைக்குப் பேரங்காடியில் ஒரு டஜன் கிடைக்கும். அவை சீக்கிரமே தொளதொளத்துக் குப்பைக்குப் போவதும் எனக்குத் தெரியும்.

“இது எவ்வளவு நாள் உழைக்கும்?”

“அது உங்க கையில இருக்குக்கா. துவைச்சு எங்க காயப் போடுவீங்க?”

இப்படியும் ஒரு கடைக்காரர் கேட்பாரா?

“கொடியிலதான். மேல ஒரு துண்டைப் போட்டு மூடிடுவேன்.”

கலா அதை வாங்கித் திரும்பப் பெட்டிக்குள் வைத்துவிடுகிறார். “அப்ப வேணாம்லா. ஈரத்துல மூடிக் கெடந்தா பட்டுல புள்ளி விழுந்திரும், எலாஸ்டிக் போயிரும். நெழல்ல காத்தாட காயணும்க்கா.”

எங்கள் மாடிக் கொடியில் எல்லா வீட்டுத் துண்டுகளும் இப்படி எதையோ மறைத்து மேடுபள்ளமாகத் தொங்குவது நினைவுக்கு வருகிறது. அப்போதுதான் கடையின் பின்கட்டுக் கொடி கண்ணில் படுகிறது. அங்கே ஒரு நீலத் துண்டு. அதன் அடியில் மஞ்சள் பட்டை ஒன்று எட்டிப் பார்க்கிறது.

“அது யாரோடது?”

கலா திரும்பிப் பார்த்துச் சிரித்துவிடுகிறார். “என்னோடதுதான். மாடியில மாமனார் இருக்காருலா.”

பின்கட்டுக்குப் போய்த் துண்டை உருவித் தோளில் போட்டுக்கொண்டு வருகிறார். பெட்டியைத் திறந்து மறுபடி நீட்டுகிறார்.

“இந்தாங்க. நானே துண்டை எடுத்துட்டேன், நீங்களும் எடுத்துரணும்.”