பிராசசருக்கு வைத்த பொட்டு

சேலையூர் கேம்ப் ரோட்டில் புதிதாக ஒரு கண்ணாடிக் கதவுக் கடை வந்திருக்கிறது. போன வாரம் என் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அங்கே போனேன். ரொம்ப மெதுவாக ஓடுகிறது, பிராசசரை மாற்றிக் கொடுங்கள் என்றேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சார், இதுல பிராசசரை போர்டோட சேத்து ஈயத்தால பத்தவெச்சு சால்டர் பண்ணிருக்காங்க. மாத்த முடியாது. புதுசு வாங்கிடுங்க."

அவர் கல்லா மேல் பிள்ளையாருக்கு ஏற்றிய சந்தன வத்தி புகைந்துகொண்டிருந்தது. அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவர் விழித்தார். அவருக்குக் காரணம் சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன்.

நான் படித்தது ஏழாவது. பாஸா என்று கேட்காதீர்கள். ஆனால் இந்தக் கேம்ப் ரோட்டிலேயே முதன்முதலாகக் கம்ப்யூட்டரில் கல்யாண பேனர் டிசைன் செய்தவன் நான்தான். எனக்கு முன்னாலேயே ஒருத்தர் செய்தார் என்று சிலர் சொல்வார்கள். அவர் கடை பக்கத்து ஊரான ராஜகீழ்ப்பாக்கத்தில். அது கணக்கில் வராது.

அதற்கு முன்னால் சுவர் விளம்பரம் எழுதிக்கொண்டிருந்தேன். இங்கிலீஷ் படிக்கத் தெரியாது, ஆனால் இங்கிலீஷ் எழுத்தை என்னைப் போல எழுத ஆள் கிடையாது. பிரஷைப் பிடித்த கை மவுஸையும் பிடித்துக்கொண்டது. எல்லாரும் பார்ட் பார்ட்டாக வாங்கிச் சேர்த்த கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டிருந்த காலத்தில், நான் மட்டும் முன்பக்கத்தில் கம்பெனிப் பெயர் பொறித்த பிராண்டு பெட்டி வாங்கினேன். பெயர் தெருவில் போகிறவர்களுக்குத் தெரியட்டும் என்று அதை வாசலைப் பார்க்கத் திருப்பி வைத்திருந்தேன். நான் பட்டன் அமுக்க வேண்டுமென்றால் எழுந்து சுற்றிக்கொண்டு போக வேண்டும்.

பெருமைக்குக் குறைச்சல் இல்லை, வேகம்தான் இல்லை. அது வெளிச்சத்துக்கு வந்தது முனியம்மாக்காவால். கோவளத்துப் பக்கம் கடலோரத்துக் குப்பம். கேளம்பாக்கத்தில் பஸ் மாறி, கூடையோடு வந்து எங்கள் தெருவில் மீன் விற்பார். மகளுக்குக் கல்யாணம். எங்கள் பக்கத்துப் பேனர்களில் இறந்துபோன பெரியவர்கள் மேல் மூலையில், பக்கத்தில் விளக்கோடு, சிரித்துக்கொண்டு இருக்க வேண்டும். அது வழக்கம். முனியம்மாக்காவின் கணவர் போய்ப் பல வருஷம். அவருக்கென்று இருந்த ஒரே போட்டோ, யார் கல்யாணத்திலோ கூட்டத்தோடு நின்றது. கட்டைவிரல் நகம் அளவு முகம், அதிலும் தண்ணீர்க் கறை.

"அப்பா இல்லாம பேனரே வாணாம்னு குந்திக்கினு கீதுண்ணா பொண்ணு. நீதான் எப்டினா அவர கொண்டாரணும்" என்றார்.

கொண்டுவந்துவிடுவேன் என்று தொடையைத் தட்டினேன். முகத்தைப் பெரிதாக்கிக் கறையைத் துடைக்கப் போனால் பெட்டி மூச்சை நிறுத்திவிடும். திரையில் மணல் கடிகாரம் கவிழ்ந்து கவிழ்ந்து நிமிரும். பக்கத்து ஜெராக்ஸ் கடை சேகர் எட்டிப் பார்த்தான். "பிராசசர் மாத்துனா பறக்கும்ணா. ஆனா பிராண்டு பெட்டி, கம்பெனி ஆளுதான் தொறக்கணும். நீங்க கை வெச்சா அவ்ளோதான்."

என்னிடம் அப்படிச் சொல்லலாமா? அன்றைக்கே திறந்தேன். பிராண்டு பெட்டிக்குள் இருக்கும் போர்டு, கிடைத்த பிராசசரையெல்லாம் ஏற்றுக்கொள்ளாது. அதற்கென்று சில ஜாதிதான் பொருந்தும். ஆகவே போர்டில் இருந்த நம்பரை ஒரு சீட்டில் அப்படியே வரைந்துகொண்டு, கம்ப்யூட்டர் பார்ட்ஸ் விற்கும் ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போனேன். சீட்டைப் பார்த்த கடைக்காரர், "பிரிண்ட் எடுத்தீங்களா சார்?" என்று கேட்டார். அந்த ஒரு வார்த்தையை இதுவரை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. பொருத்தமான பிராசசர் ஒன்றையும், ஊசி மருந்துக் குழாய் மாதிரி ஒன்றில் வெள்ளைப் பசையையும் கொடுத்தார். "நடுவுல லேசா பூசிடுங்க." கோந்து என்று நினைத்தேன். ஒட்டிவிட்டால் அப்புறம் எப்படிக் கழற்றுவது என்று யோசித்து டிராயரில் போட்டுவிட்டேன். என் புத்தி அப்படி.

கல்யாண வரவேற்புக்கு முதல் நாள் வந்துவிட்டது. தாம்பரம் பிரஸ்ஸில் அன்று நான்கு மணிக்குள் டிசைனைக் கொடுத்தால்தான் பேனர் உண்டு. காலையிலேயே முனியம்மாக்கா வந்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். நான் பிராசசரை மாட்டினேன். என் ஏணி, சைக்கிள், சீலிங் ஃபேன் எதுவும் பொட்டு இல்லாமல் வேலையைத் தொடங்கியது கிடையாது. பிராசசர் மட்டும் என்ன பாவம் செய்தது? அதன் வெள்ளித் தகட்டில் சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து அப்பினேன். நடுவில் குங்குமம். நன்றாகக் காயவிட்டு, மேலே அதைக் குளிர வைக்கும் அலுமினியக் கட்டியையும் ஃபேனையும் வைத்து இறுக்கினேன்.

"முருகா" என்று சொல்லி முடிப்பதற்குள் திரை வந்துவிட்டது. வேடிக்கை பார்க்க வந்து நின்ற சேகர் முகம் சுண்டிப்போனது. கட்டைவிரல் நகத்தில் இருந்த மனிதர் உள்ளங்கை அளவுக்கு வளர்ந்தார். கடை முழுக்கக் கமகமவென்று சந்தன வாசனை. "பாத்தியாடா, சாமியே எறங்கிடுச்சு" என்றேன்.

டப். திரை இருண்டது. மறுபடி போட்டேன். மறுபடி வாசனை, மறுபடி இருட்டு.

"சாமி மலையேறிடுச்சுண்ணா" என்றான் சேகர்.

முனியம்மாக்கா ஸ்டூலில் இருந்தபடியே மெதுவாகக் கேட்டார்: "இன்னாண்ணா, எங்க வூட்டுக்காரரு ரெண்டாவது வாட்டியும் பூட்டாரா?"

பெட்டியைத் திறந்து தொட்டுப் பார்த்தேன். "மேல இருக்கற கட்டி ஜில்லுனு கீதுக்கா. கீழ பிராசசர் கொதிக்குது."

அவர் எழுந்து வந்து குனிந்து பார்த்தார். "நடுவுல இன்னாத்த வெச்ச?"

"பொட்டுக்கா."

"அய்ய! ஐசுக்கும் மீனுக்கும் நடுவுல சாக்கைப் போட்டா மீனு நாறிப்பூடாதா? ஐசு மீனோட ஒட்டிக்கினு இருக்கணும்ணா. சாமிக்கு வெளில எடமா இல்ல?"

அப்போதுதான் டிராயரில் கிடந்த கோந்து ஞாபகம் வந்தது. அது ஒட்டுவதற்கு இல்லை, சூட்டை மேலே கடத்துவதற்கு! காய்ந்த சந்தனத்தைச் சுரண்டித் துடைத்தேன். பசையை மெல்லிசாகத் தடவி மூடினேன். இந்தத் தடவை வாசனையே வரவில்லை. வாசனை வராததற்காக நான் சாமி கும்பிட்டது அன்று ஒருநாள்தான்.

பெட்டி பறந்தது. கறை போனது, கன்னம் வந்தது, கண் வந்தது. "மீசைய இன்னும் கொஞ்சம் முறுக்குண்ணா" என்றார் முனியம்மாக்கா. முறுக்கினேன். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "உசிரோட இருக்கச்சொல்லோகூட இவ்ளோ அயகா இல்ல மனுசன்" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தார். வாய் ஓயாத சேகர்தான் டிசைனை வாங்கிக்கொண்டு வண்டியை முறுக்கிக்கொண்டு நான்கு மணிக்குள் பிரஸ்ஸுக்கு ஓடினான்.

கல்யாணம் முடிந்ததும் அந்தப் பேனர் அவர்கள் சமையல் கொட்டகைக்குக் கூரையானது. "மய பேஞ்சா அவருதாண்ணா நனையிறாரு, நாங்க நனையல" என்பார் முனியம்மாக்கா.

வெயில் பட்டுப் பட்டு அந்த மீசையும் வெளுத்துப்போனது. முட்டி வலியால் முனியம்மாக்கா கூடை தூக்குவதை நிறுத்திவிட்டார். சேகரின் ஜெராக்ஸ் கடையில் இப்போது பிரியாணி. பழைய பெட்டியைக் காயலான் கடைக்குப் போடும் முன் ஒருமுறை திறந்தேன். பிராசசர் ஓரத்தில் குங்குமச் சிவப்பு ஒரு கீற்று இருந்தது. மூக்கருகே கொண்டுபோனேன். தூசி வாசனைதான்.

லேப்டாப்பை வீட்டுக்குத் திருப்பி எடுத்துவந்து மூடிமேல் சந்தனப் பொட்டு வைத்தேன். இந்தத் தடவை சரியான இடத்தில்தான் வைத்தேன். தப்பான இடத்துக்குப் போக இதில் வழியே இல்லையே.