இருபது பாத்திகளும் ஹம்சவேணியின் பயமும்

ஹம்சவேணிக்குப் பயப்படக் காரணமே தேவையில்லை. பஸ் கொஞ்சம் தாமதமானாலே எங்கோ கவிழ்ந்துவிட்டதாக முடிவுகட்டிவிடுவாள். கேஸ் அடுப்பை அணைத்தோமா என்று பாதித் தெருவிலிருந்து ஆனையூர் வீட்டுக்குத் திரும்பி ஓடுவாள். கணவன் துளசிராம், வீட்டில் பேசும் சௌராஷ்டிர மொழியில் கேலி செய்தே அலுத்துப்போனான். ஆனால் புள்ளியியல் படித்த அவளுக்கு அந்தப் பயம்தான் சோறு போட்டது. விதை மருந்து தயாரிக்கும் சின்னக் கம்பெனி ஒன்றில், சோதனைகளைத் திட்டமிட்டுக் கணக்குப் பார்ப்பது அவள் வேலை.

தொண்ணூற்றேழில் பருத்தி விதைக்கு ஒரு புது மருந்து வந்தது. திருமங்கலத்துக்குப் பக்கத்தில், விவசாயி பேச்சிமுத்துவின் நிலத்தில் இருபது பாத்தி பிரித்தார்கள். பாதிக்கு மருந்து தடவிய விதை, பாதிக்கு வெறும் விதை. எந்தப் பாத்திக்கு எது என்பதை மனிதர் தீர்மானிக்கக் கூடாது. நல்ல மண்ணை மருந்துக்கே ஒதுக்கத் தோன்றும். அதனால் சீட்டுக் குலுக்கிப் போட்டாள்.

பஞ்சை எடுத்து எடை போட்டால், மருந்துப் பாத்திகளில் விளைச்சல் எகிறியிருந்தது. மருந்தில் ஒன்றுமே இல்லாமல், வெறும் அதிர்ஷ்டத்தால் இப்படியொரு வித்தியாசம் வர நூற்றில் ஒரு வாய்ப்புகூட இல்லை என்றது கணக்கு. முதலாளி கைலாசநாதன் ஆபீஸ் முழுக்க அல்வா வாங்கிப் பங்கிட்டார்.

ஹம்சவேணிக்கு அல்வா இறங்கவில்லை. இவ்வளவு நல்ல செய்தியா? அவள் கையெழுத்தை நம்பி அடுத்த பட்டத்தில் சுற்றுவட்டாரமே இந்த மருந்தைத்தான் வாங்கும். கணக்கு தப்பென்றால் அத்தனை குடும்பத்துக்கும் ஒரு வெள்ளாமை போச்சு. மறுநாளே திருமங்கலம் பஸ் ஏறினாள்.

“அண்ணே, தண்ணி எப்படிப் பாய்ச்சுனீங்க?”

“மருந்துப் பாத்திக்கு முதல்ல பாய்ச்சிருவேன் தாயி. அதுக்குள்ள கரண்ட் போயிரும். மிச்சத்துக்கு மறுநாத்தான். சில தடவை ரெண்டு மூணு நாளும் ஆகிப்போகும்.”

அப்படியானால் கூடுதலாக விளைந்தது மருந்தாலா, தண்ணீராலா? இனி யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

“ஏண்ணே, எல்லாத்துக்கும் ஒண்ணுபோலத்தான பாய்ச்சணும்?”

“நீங்க சொன்னதுதான தாயி?” பேச்சிமுத்து திகைத்துப்போனார். “விதைப்பு அன்னைக்கு வெள்ளிக்கிழமை. ‘பத்தரைக்கு ராகுகாலம் வந்துரும்ணே, மருந்து விதையை மட்டுமாச்சும் அதுக்குள்ள ஊனிருவோம்’னு அம்புட்டு அவசரப்படுத்துனீங்க. சரி, அதுதான் முக்கியம்போலனு நானும் அப்படியே புடிச்சுக்கிட்டேன்.”

உண்மைதான். சீட்டுக் குலுக்கிய அதே கைதான் கடிகாரத்தையும் திருப்பிக் காட்டியது. நல்ல காரியத்தை ராகுகாலத்தில் தொடங்குவதா என்று அவள் அன்றைக்கு யோசிக்கக்கூட இல்லை. திரும்பும் பஸ்ஸில், பேச்சிமுத்து மாற்றிச் செய்துவிட்டார் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாமே என்று தோன்றியது. அப்படித் தோன்றியதற்கும் பயந்தாள்.

கைலாசநாதனிடம் நடந்ததை நடந்தபடி சொன்னாள். வேலை போய்விடும் என்ற பயத்தில் முதல் தடவை முணுமுணுத்தது அவருக்குக் கேட்கவில்லை. மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது.

“ஏம்மா, இது தெரியாமலே இருந்திருக்கலாமே,” என்றார். அப்புறம், “சரி, இன்னொரு தடவை போட்டுப் பாரு,” என்றார்.

விதைப்புக்கு ஆள் கிடைத்த நாள், மறுபடியும் ஒரு வெள்ளிக்கிழமை. இந்தத் தடவை விதைப்பு, தண்ணீர் எல்லாமே சீட்டு வரிசையில். பத்தரை தாண்டியதும் வந்த சீட்டு, மருந்துப் பாத்தி. பேச்சிமுத்து கூடையைக் கீழே வைத்துவிட்டார்.

“வேணாம் தாயி. செத்த நேரம் பொறுத்துக்கிருவோம்.”

“ஊனுன கையோட தண்ணி விடணும். அதுக்குள்ள கரண்ட் போயிரும்ணே.”

ஹம்சவேணி தானே பாத்தியில் இறங்கினாள். ராகுகாலத்தில் தொடங்கி வீட்டில் யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டால் என்று, தன் பிள்ளைகளின் முகம் கண்ணுக்குள் வந்து நின்றது. ஆனாலும் மருந்துப் பாத்தியோ வெறும் பாத்தியோ, வந்த சீட்டுப்படி ஊன்றிக்கொண்டே போனாள்.

மாசியில் எடை போட்டபோது இரண்டுக்கும் பேர் சொல்லும்படியான வித்தியாசமே இல்லை. அந்த மருந்து விற்பனைக்கு வரப்போவதில்லை. யாருக்கும் வெள்ளாமை போகவில்லை. தராசைக் கழற்றிக்கொண்டே பேச்சிமுத்து வருத்தப்பட்டார்.

“நல்ல மருந்து தாயி. அன்னைக்கே சொன்னேன்ல, ராகுகாலத்துல ஊனுனா எப்படி வெளங்கும்?”

வெறும் விதையும் அதே ராகுகாலத்தில்தான் விழுந்தது என்று சொல்ல அவளிடம் கணக்கு இருந்தது. சொல்ல வாயெடுத்தாள். ஒருவேளை இவர் சொல்வது சரியாக இருந்துவிட்டால் என்று பயம் வந்தது. பஸ் ஏறுமுன் கடிகாரத்தைத் திருப்பி, இப்போது ராகுகாலமா என்று பார்த்துக்கொண்டாள்.